சோணரின் வீணையும் பேஸ் கிதாரின் கழுத்தும்

(ஆடிப் பௌர்ணமி உபோசத தினத்தன்று பெங்களூர்ச் சங்க மண்டபத்தில் நிகழ்த்திய தம்ம உரை)

  

இன்று சோண தேரரின் வரலாற்றைக் கூறுவதாக முன்னரே அறிவித்திருந்தோம். இம்மண்டபத்தில் அதனை நாம் எத்தனை முறை கூறியிருப்போம் என்பதற்குக் கணக்கில்லை. 'மீண்டும் வீணைக் கதைதானா' என்று மூத்தோர் சிலர் மனத்துள் நகைப்பதும் நமக்குத் தெரிகின்றது. ஆயினும் சென்ற மூன்று திங்களில் நேர்ந்த ஒரு காரியத்தால், இதுகாறும் நாம் அவ்வரலாற்றைப் பாதியே அறிந்து பேசி வந்தோம் என்பது புலனாயிற்று. அக்காரியத்தில் நமது பிழையும் உண்டு. அதனை மறையாது கூறவே எழுந்து நிற்கின்றோம்.

சோணர் சம்பா நகரத்துப் பெருஞ்செல்வர் மகன். உள்ளங்காலில் ரோமம் முளைத்திருக்குமளவு மெல்லிய உடம்பினர். பிம்பிசார மன்னனே அக்கால்களைக் காண விரும்பி அழைத்தான் என்று விநய நூல் கூறும். அத்தகையவர் துறவு பூண்டு, இராசகிருகத்தை அடுத்த சீதவனத்தில் தங்கி, இரவும் பகலும் நடந்து நடந்து தியானம் பயின்றார். பாதங்கள் வெடித்தன. நடைபாதை குருதியால் நனைந்தது. மனமோ விடுதலை பெறவில்லை. 'முயற்சியில் நான் எவருக்கும் குறைந்தவனல்லன், பயனோ இல்லை. வீட்டில் செல்வம் இருக்கின்றது. திரும்பிச் சென்று அதனை அனுபவித்துப் புண்ணியமும் செய்யலாமே' என்று எண்ணினார். கிருத்திரகூட மலையிலிருந்த பகவன் அவ்வெண்ணத்தை உணர்ந்து அவர்முன் வந்தார். வந்தவர், இல்லறத்தில் இருந்தபோது அவர் வீணை மீட்டுவதில் வல்லவரன்றோ என்று வினவினார். தந்தி மிக முறுக்கப்பட்டபோது இனிமை இருந்ததா, மிகத் தளர்ந்தபோது இருந்ததா, இரண்டும் இன்றிச் சமமாக நின்றபோது இருந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சோணரே விடை கூறினார். முயற்சியும் அவ்வாறே சமனாக வேண்டும், இந்திரியங்களின் சமநிலையையும் அறிய வேண்டும் என்று பகவன் உபதேசித்தார். இஃது அங்குத்தர நிகாயத்து ஆறாம் தொகுதியில் உள்ளது.

நிற்க. நம்மோடு ஆலையில் கார்டிங் பிரிவில் வேலை செய்து, சில ஆண்டுகளுக்கு முன் காலஞ்சென்ற நண்பர் ஒருவரின் மகனை உங்களிற் பலர் அறிவீர்கள். திருமணங்களிலும் கோயில் விழாக்களிலும் வாசிக்கும் இசைக்குழு ஒன்றில் அவன் பேஸ் கிதார் வாசிக்கின்றான். பேஸ் கிதார் என்பது நான்கு தந்திகளையுடைய நீண்ட கருவி. சாதாரணக் கிதாரின் கீழ் நான்கு தந்திகளினும் ஒரு ஸ்தாயி தாழ்ந்து ஒலிப்பது. பாட்டைக் கேட்போர் அதனைத் தனியே கவனிப்பதில்லை; அது நின்றுவிட்டால் மட்டும் பாட்டின் கீழ்த்தரை போய்விட்டது போல் உணர்வர். அவன் தாயார் தம் வளையல்களை அடகு வைத்துப் பழைய கருவியொன்றை வாங்கிக் கொடுத்திருந்தார். அவ்வருவாயிலேதான் அவ்வீடு நடக்கின்றது.

சித்திரை மாதத்தில் அப்பிள்ளை நம்மிடம் வந்தான். இடக்கை விரல் நுனிகள் கொப்புளித்து உடைந்திருந்தன. 'பெரியப்பா, இரவில் ஐந்து மணி நேரம் பழகுகிறேன். கை ஓடவில்லை. சுருதியும் நிற்கவில்லை. குழுவில் வேறு ஆளைப் பார்க்கிறார்கள். விற்றுவிட்டுக் கிடங்கு வேலைக்குப் போய்விடலாம் என்றிருக்கிறேன்' என்றான். நாம் என்ன கூறினோம் தெரியுமா? வீரியத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசினோம். இன்னும் முயல்க, மேலும் முயல்க என்று உற்சாகமூட்டி அனுப்பினோம். காலில் குருதி வடிய நடந்த சோணரிடம் இன்னும் பத்துக் காதம் நடக்குமாறு கூறியதற்கு ஒப்பாகும் அது. சோணர் கதையை அத்தனை முறை பேசிய வாய்தான் அதுவும் பேசிற்று.

பத்து நாட்கள் சென்று அவன் வீட்டுக்குப் போனபோதுதான் கருவியைக் கையில் எடுத்துப் பார்த்தோம். பன்னிரண்டாம் மெட்டருகே தந்திக்கும் பலகைக்கும் இடையில் ஒரு பென்சில் நுழையும் இடைவெளி இருந்தது. கழுத்தை நுனியிலிருந்து நோக்கினால் வில்லைப்போல் முன்னோக்கி வளைந்திருந்தது. அவ்வுயரத்துத் தந்தியை எவர் அழுத்தினாலும் விரல் புண்ணாகும். அழுத்தும்போதே தந்தி மேலும் இழுபட்டுச் சுருதி ஏறும். குறை பிள்ளையின் முயற்சியில் இல்லை, மரத்தில் இருந்தது.

அங்கேதான் நமது இரண்டாம் பிழை நேர்ந்தது. பத்தொன்பது ஆண்டுகள் கார்டிங் எந்திரங்களுக்கு அளவு வைத்த கை இது என்னும் செருக்கு நமக்கு உண்டு. சிலிண்டருக்கும் அதன்மேல் ஊரும் பிளாட்டுகளுக்கும் இடையே ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் பத்துப் பங்கு இடைவெளி விட வேண்டும். 'பத்து தௌ' என்போம். அதனினும் நெருங்கினால் முள்ளோடு முள் உரசித் தீப்பொறி பறந்து பஞ்சு பற்றிக்கொள்ளும். விலகினால் முடிச்சு நீங்காத பஞ்சு வெளிவரும். அவ்வளவையெல்லாம் வைத்த நமக்கு இது ஒரு பெரிய காரியமா என்று எண்ணி, யாரையும் கேளாமல், கழுத்தின் முனையிலுள்ள திருகை முறுக்கத் தொடங்கினோம். கையிலிருந்த ஆலன் கீ திருகின் குழிக்கு மயிரிழை சிறியது. குழி அங்குல அளவினது. சாவி மில்லிமீட்டர் அளவினது. 'ஏறக்குறையச் சரியாகத்தானே இருக்கின்றது' என்று பலங்கொண்டு திருப்பினோம். சாவி வழுக்கிற்று. அறுகோணமாயிருந்த குழி வட்டமாகத் தேய்ந்துபோயிற்று. இனி எச்சாவியும் பிடிக்காது. அப்பிள்ளை ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவன் தாயார் மட்டும், 'அண்ணா, இதைச் சரி பண்ண முடியுமா?' என்று கேட்டார். நமக்கு விடை கூற நா எழவில்லை.

கண்டோன்மெண்டுப் பகுதியில் கருவிகளைப் பழுது பார்க்கும் முதியவர் ஒருவரிடம் கொண்டு சென்றோம். தேய்ந்த திருகை அகற்றி வேறு பொருத்த மூன்று வாரங்கள் ஆயின. அதற்குள் இரண்டு திருமண நிகழ்ச்சிகள் அவன் கைவிட்டுப் போயின. கூலியை நாம் கொடுத்தோம். போன நிகழ்ச்சிகளை நம்மால் திருப்பிக் கொடுக்க இயலவில்லை. 'உள்ளிருக்கும் கோல் முறியாமல் திருகோடு போயிற்றே, அதுவே பெரிது. கோல் முறிந்திருந்தால் மெட்டுப் பலகையையே பெயர்க்க வேண்டியிருக்கும், ஐயா' என்றார் அம்முதியவர். அவர் பட்டறையில் மாலைதோறும் அமர்ந்து நாமும் பிள்ளையும் கற்றவற்றையே இனிக் கூறப் போகின்றோம்.

முதலாவதாக, சோணர் மீட்டிய வீணை இன்று நாம் காணும் வீணையன்று. அக்காலத்து வீணை, நமது பண்டைய யாழினைப் போன்று வில்வடிவாக வளைந்த கருவி. பழைய பௌத்தச் சிற்பங்களில் அவ்வடிவைக் காணலாம். அதில் மெட்டுகள் இல்லை. ஒவ்வொரு தந்திக்கும் ஒரு சுரம். பேஸ் கிதாரிலோ நீண்ட மரக் கழுத்தும் அதன்மேல் மெட்டுகளும் உள்ளன. இதனை முதன்முதல் பெருவாரியாகச் செய்து பரப்பியவர் அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்து ஃபுல்லர்ட்டன் நகரில் வானொலிப் பெட்டி பழுது பார்த்துவந்த லியோ ஃபெண்டர் என்பவர். 1951-ஆம் ஆண்டில் வெளிவந்த அக்கருவிக்கு 'பிரிசிஷன்', அதாவது துல்லியம், என்று பெயரிட்டார். ஆளுயரம் நிற்கும் பழைய டபுள் பேஸில் மெட்டு இல்லையாதலால் சுரத்தைக் காதால் தேடிப் பிடிக்க வேண்டும். இதிலோ மெட்டு சுரத்தைத் துல்லியமாகத் தரும். ஃபெண்டருக்குக் கிதார் வாசிக்கவே தெரியாது என்பது வியப்பன்றோ? வாசிப்போரைக் கேட்டுக் கேட்டே செய்தார்.

தந்தி தங்கும் குதிரைக்கும் தலைப்பக்கத்துக் கட்டைக்கும் இடையே அக்கருவியில் 34 அங்குலம். நான்கு தந்திகளையும் சுருதிக்குக் கொண்டுவந்தால் அவை கூடி இழுக்கும் விசை ஏறத்தாழ 75 கிலோ. ஓர் அரிசி மூட்டையின் பாரம். அதனை அம்மெலிந்த மரக் கழுத்து அல்லும் பகலும் தாங்கி நிற்கின்றது. தந்தி முன்னோக்கி இழுக்க, மரம் நாளடைவில் வளைகின்றது. இதற்கு எதிராகக் கழுத்தின் உள்ளே எஃகுக் கோல் ஒன்றைப் புதைத்து வைத்திருக்கின்றனர். 'ட்ரஸ் ராட்' என்பது அதன் பெயர். முறுக்கினால் கழுத்தைப் பின்னோக்கி நிமிர்த்தும். தளர்த்தினால் தந்தியின் இழுப்புக்கு இடங்கொடுக்கும். இவ்வாறு திருகி அளவு வைக்கும் கோலுக்கு 1921-இல் உரிமை கோரி விண்ணப்பித்தவர், கிப்சன் கம்பெனியில் வேலை செய்த தாடியஸ் மக்ஹியூ என்னும் தொழிலாளி. தொழிலாளி என்பதைச் சற்று அழுத்தியே கூறுகின்றோம். நம்மவர் அது கேட்டு மகிழ்வர்.

இவ்விடத்தில்தான் நமது பழைய பிரசங்கத்தின் குறை நமக்கு விளங்கிற்று. முறுக்கினால் அறும், தளர்த்தினால் ஒலியாது, ஆகவே நடுவில் வைக்கவேண்டும் என்று தந்தியை மட்டுமே பேசி வந்தோம். ஆனால் பேஸ் கிதாரில் தந்தியின் முறுக்கு உங்கள் விருப்பத்தில் இல்லை. சுருதி எதுவோ அதற்குரிய முறுக்கு வைத்தே தீரவேண்டும். மாற்றத்தக்கது அம்முறுக்கைத் தாங்கும் கழுத்தே. குடும்பத்தின் பாரம், வேலையின் பாரம், நோயின் பாரம் இவற்றைப் பாதியாகக் குறைத்துக்கொள் என்று ஓர் ஏழையிடம் கூறி என்ன பயன்? அவனால் குறைக்க இயலாது. பகவன் வீரியத்தின் சமநிலையோடு நிறுத்தாமல் இந்திரியங்களின் சமநிலையையும் சேர்த்துக் கூறியதன் பொருள் அப்போதுதான் நமக்குப் பட்டது. சத்தை, வீரியம், சதி, சமாதி, பஞ்ஞை என்னும் ஐந்தும் உள்ளே ஒன்றையொன்று தாங்கி நிற்க வேண்டும். சத்தைக்கு எதிர்நின்று பஞ்ஞையும், வீரியத்துக்கு எதிர்நின்று சமாதியும் இழுக்கும். மிகுந்தால் ஊறு விளைக்காதது சதி ஒன்றே என்று ஆசாரிய புத்தகோஷர் விசுத்திமக்கத்தில் விளக்குகின்றார். வெளியே தந்தி இழுக்கும்போது உள்ளே கோல் தளர்ந்திருந்த கருவி அப்பிள்ளையுடையது. அதனை அறியாது தந்தியை இன்னும் இழுக்கச் சொன்னோம்.

மற்றொன்று. கழுத்து முற்றும் நேராக இருக்கவேண்டும் என்றே நாம் எண்ணியிருந்தோம். முதியவர் நகைத்தார். தந்தியைத் தட்டினால் அதன் நடுப்பகுதியே மிக அகன்று அதிர்கின்றது. கழுத்து அம்புபோல் நேராயிருந்தால் அதிரும் தந்தி நடு மெட்டுகளில் மோதிக் கரகரக்கும். ஆகலின் மிகச் சிறு வளைவு ஒன்றை வேண்டுமென்றே விட்டு வைக்க வேண்டும். அதனை அளக்கும் விதம் யாதெனில், தந்தியை முதல் மெட்டிலும் கடைசி மெட்டிலும் அழுத்திப் பிடித்து, நடுவே எட்டாம் மெட்டுக்கும் தந்திக்கும் உள்ள இடைவெளியில் ஃபீலர் கேஜை நுழைத்துப் பார்ப்பது. ஏறத்தாழ ஆயிரத்தில் பன்னிரண்டு பங்கு அங்குலம், பன்னிரண்டு தௌ, இருத்தல் நலம். ஒரு விசிட்டிங் கார்டின் கனம். அச்சொல்லைக் கேட்டதும் நமக்கு உடம்பு சிலிர்த்தது. ஆலையில் சிலிண்டருக்குப் பத்து வைத்த கேஜ் கட்டு நம் வீட்டுப் பெட்டியில் இன்னும் துருப்பிடியாமல் இருக்கின்றது. அதனையே எடுத்துக்கொண்டு மறுநாள் சென்றோம்.

திருகைக் கால் சுற்றுக்கு மேல் ஒருபோதும் திருப்பலாகாது. இறுக்குவதற்குமுன் தந்தியைச் சற்றுத் தளர்த்திக்கொள்ள வேண்டும். திருப்பியபின் மீண்டும் சுருதி கூட்டி, மரம் அடங்கும்வரை பொறுத்து, பிறகே அளக்க வேண்டும். சில வேளை ஓர் இரவு விட்டு வைப்பதும் நன்று. நாமோ அன்று ஒரே மூச்சில் ஒன்றரைச் சுற்றுத் திருப்ப முயன்றோம்! மரம் எந்திரமன்று, அதற்கு அடங்கும் நேரம் வேண்டும்.

வரிசையும் முக்கியம். முதலில் சுருதி, பின்பு கழுத்து, அதன்பின் குதிரையிலுள்ள சிறு திருகுகளால் தந்தியின் உயரம், கடைசியாக ஸ்வர சுத்தம். தந்தி உயர்ந்திருக்கின்றதென்று கோலை முறுக்கித் தாழ்த்துவது பலர் செய்யும் தவறு. உயரம் குதிரையின் காரியம். வளைவு கோலின் காரியம். உயரத்தைப் பதினேழாம் மெட்டில் அளப்பர். தடித்த தந்திக்கு அங்குலத்தில் அறுபத்துநான்கில் ஆறு பங்கும், மெல்லிய தந்திக்கு ஐந்து பங்கும் தொடக்கத்துக்கு ஏற்றவை. ஸ்வர சுத்தம் பார்க்கும் முறை அழகியது. பன்னிரண்டாம் மெட்டு தந்தியின் நேர் பாதி. அங்கே விரலால் தொட்டும் தொடாமலும் மீட்டினால் மணிபோல் ஒரு நாதம் எழும். பின் அதே மெட்டில் அழுத்தி மீட்ட வேண்டும். இரண்டும் ஒன்றாயிருந்தால் சரி. அழுத்திய சுரம் ஏறியிருந்தால் அத்தந்தியின் தாங்கியைப் பின்னுக்கு நகர்த்தித் தந்தியை நீட்ட வேண்டும், இறங்கியிருந்தால் முன்னுக்கு. இப்போது கைப்பேசியிலேயே சுருதி காட்டும் செயலி இருக்கின்றது. எனினும் முதியவர் காதால்தான் பார்க்கச் சொன்னார். ஒன்றை மாற்றினால் மற்றொன்று சிறிது நகரும். ஆதலால் முடிவில் முதலிலிருந்து மீண்டும் ஒருமுறை நோக்க வேண்டும்.

இவ்வளவையும் கேட்ட பிள்ளை, 'அப்படியானால் எல்லாக் கருவிக்கும் இந்த அளவுதானா?' என்று வினவினான். நல்ல வினா. அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரத்து மோட்டவுன் நிறுவனத்தின் எண்ணற்ற பாட்டுகளுக்கு ஜேம்ஸ் ஜேமர்சன் என்னும் கறுப்பின மேதை பேஸ் வாசித்தார். அவருடைய 1962-ஆம் ஆண்டுக் கருவியில் தந்திகள் பிறர் அழுத்த அஞ்சும் உயரத்தில் நின்றன. தந்தியை மாற்றும் வழக்கமும் அவருக்கு இல்லை. வலக்கையின் ஆட்காட்டி விரல் ஒன்றினாலேயே மீட்டினார். உலகமெங்கும் அப்பாட்டுகளைக் கேட்டு ஆடினார்கள். தட்டுகளின் உறையில் பல்லாண்டுகள் அவர் பெயரே இல்லை. 1971-இல்தான் அது அச்சாயிற்று. ஜாக்கோ பாஸ்டோரியஸ் என்பவரோ மெட்டுகளையே நீக்கிய கருவியில் வாசித்துப் புகழ் பெற்றார். அவரவர் கைக்கு அவரவர் அளவு. பன்னிரண்டு தௌ என்பது தொடங்கும் இடம். அங்கிருந்து கை கூறும்படி நகரலாம். பகவனும் சோணருக்குக் கூறியதை அங்குலிமாலருக்குக் கூறவில்லை. கிசாகோதமிக்கு இவ்விரண்டையும் கூறாமல் கடுகு கொண்டுவரச் சொன்னார்.

இன்னுமொன்றைக் கூறாவிடில் இவ்வுரை நேர்மையுடையதாகாது. சோணர் வரலாற்றில் பகவன் தந்தியைத் தொடவில்லை. திருகையும் தொடவில்லை. மூன்று வினாக்கள் கேட்டார். சோணர் தாமே வீணையை அறிந்தவராதலால் விடை அவருக்குள்ளே இருந்தது. நாமோ பிள்ளையை ஒன்றும் கேட்கவில்லை. முதல்நாள் கேளாமலே உபதேசித்தோம். பத்தாம் நாள் கேளாமலே சாவியை எடுத்தோம். 'எந்த மெட்டில் வலிக்கிறது, எந்த நேரத்தில் சுருதி ஏறுகிறது' என்று கேட்டிருந்தால், மார்ச்சு மாத வறட்சிக்குப் பிறகே இப்படி ஆயிற்று என்று அவனே கூறியிருப்பான். பட்டறையில் முதியவர் கேட்ட முதல் கேள்வி அதுவே. அவன் கூறிய முதல் விடையும் அதுவே. மரம் வறண்டால் சுருங்கும், ஈரம் ஏறினால் உப்பும். பருவந்தோறும் கழுத்து நகரும். உங்கள் இல்லங்களில் பிள்ளை சோர்ந்து வந்து நிற்கும்போதும், நோயுற்றவர் மருந்து வேண்டாமென்று முகம் திருப்பும்போதும் நாம் பேசத் தொடங்கிவிடுகின்றோம். இச்சபையில் நம்மிடம் வந்து அவ்வாறு பேச்சுக் கேட்டுத் திரும்பியவர் எத்தனை பேரோ! அவர்கள் இங்கிருப்பின் நம்மைப் பொறுத்தருள வேண்டுகின்றோம்.

பிள்ளை இப்போது இரவில் ஒரு மணி நேரமே பழகுகின்றான். விரற்புண் ஆறிவிட்டது. குழுவில் அவனிடத்துக்கு வேறொருவர் வந்துவிட்டபடியால், சிவாஜி நகரிலுள்ள மற்றொரு குழுவில் வாரம் இரண்டு நாட்கள் வாசிக்கின்றான். வருவாய் முன்னினும் குறைவு. வளையல்கள் இன்னும் மீளவில்லை. ஆனி மாதத்தில் மழை பிடித்தபின் ஒரு ஞாயிறு காலை நம் வீட்டுத் திண்ணைக்கு கருவியோடு வந்தான். முதல் மெட்டை நாம் பிடித்துக்கொண்டோம்; கடைசி மெட்டை முழங்கையால் அழுத்தியவாறு குனிந்து கேஜ் தகட்டை அவன் நுழைத்தான். 'ஒன்பதுதான் நிற்கிறது, பெரியப்பா. பத்து நுழையவில்லை' என்றான். எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று கேட்டோம். இடப்புறம், அரைக்கால் சுற்று என்றான். சாவியை அவனே எடுத்து, குழியில் ஆட்டமின்றிப் பொருந்துகின்றதா என்று இருமுறை பார்த்துவிட்டுத் திருப்பினான். பிறகு சுருதி கூட்டிச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, இருவரும் காப்பி அருந்தினோம். மறுநாள் அளந்தபோது பன்னிரண்டு இருந்தது.

கேஜ் கட்டை அவனிடமே கொடுத்துவிட்டோம். மழை நின்று ஐப்பசிக் குளிர் தொடங்கியதும் மீண்டும் பார்க்க வேண்டும் என்றிருக்கின்றான்.